கழற்றினால் பன்னிரண்டு

அண்ணி படியிறங்கி வந்தபோது கடையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அண்ணன் அதன் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, உறுமலுக்குள் எங்கேயோ ஒளிந்திருந்த ஒரு கரகரப்பைக் காதால் துழாவிக்கொண்டிருந்தான். அவன் தங்கை சுண்டு ஓர் ஆம்பிளிஃபயரின் மூடியைத் திறந்து, உள்ளே வாடகை தராமல் குடியிருந்த தூசியைப் பிரஷ்ஷால் விரட்டிக்கொண்டிருந்தாள். இருவரின் முதுகும் படிக்கட்டுக் கதவின் பக்கம். கதவு திறந்ததும் தெரியவில்லை. ஒரு கையால் நிலையையும் மறு கையால் வயிற்றின் அடிப்பக்கத்தையும் பிடித்தபடி அண்ணி வந்து நின்றதும் தெரியவில்லை.

அண்ணி மெல்ல நடந்து வந்து சுவரிலிருந்த ஸ்விட்சைத் தட்டினாள். கடை சட்டென்று ஊமையானது.

“எத்தன தடவதான் அழுத்தறது?” என்றாள்.

அண்ணன் பதறி எழுந்தான். “நீ ஏன் எறங்குன? டாக்டர் என்ன சொன்னாரு? படி பக்கமே போகக் கூடாதுன்னாரா இல்லயா?”

“சொன்னாரு. வலி வந்தா உடனே ஆளக் கூப்பிடணும்னும் சொன்னாரு. கூப்பிட்டேன். கட்டை விரல் வீங்கற வரைக்கும் கூப்பிட்டேன்.”

“வலியா? எங்க?”

“இப்ப இல்ல. படியில பாதி எறங்கறப்ப நின்னுடுச்சு. அதுக்கே உங்க மேல பயம் போல.”

“மணி அடிக்கவே இல்லயே.”

“நான் அழுத்துனேன்.”

“அழுத்தியிருந்தா அடிச்சிருக்கும்.”

அண்ணன் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னான். அதுதான் வினையாகப் போயிற்று.  அண்ணி சுண்டுவின் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லு சுண்டு. அடிக்கலயா?”

சுண்டு பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். “எனக்குக் கேக்கல அண்ணி” என்றாள். உண்மையும் அதுதான்.

“சரி. அப்ப நான்தான் பொய்” என்றாள் அண்ணி. “நாளைக்குக் காலைல எங்கம்மா பாக்க வர்றாங்கல்ல, அவங்களோட கெளம்பறேன்.”

“அவ்வளவு தூரம் கார்ல குலுங்கக் கூடாதுன்னு டாக்டர்…”

“வலிக்குப் பயந்து போகல. நான் சொன்னா நம்பற வீடு ஒண்ணு இருக்கு, அங்க போறேன்.”

அண்ணன் தாங்கிப் பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டு, சுண்டுவின் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணி மாடியேறினாள். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினாள். ஏழாம் மாதம். குளியலறைக்குப் போவதைத் தவிர வேறெதற்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. படிக்கட்டே கூடாது என்றால் நெடுஞ்சாலைப் பயணம் என்னத்தில் போய் முடியுமோ என்று சுண்டு பயந்தாள்.

கீழே கடை, மேலே வீடு. கடையில் நாள் முழுக்க ஏதாவது ஒன்று கத்திக்கொண்டே இருக்கும். கத்த வைப்பதுதான் அண்ணனின் பிழைப்பே. ஸ்பீக்கர், மைக், ஆம்பிளிஃபயர் என்று தொண்டை கட்டிப்போன எல்லாம் அவனிடம்தான் வரும். மேலேயிருந்து எவ்வளவு கத்தினாலும் கேட்காது. ஃபோனும் உதவாது. செல்ஃபோன் பக்கத்தில் இருந்தால் திறந்து கிடக்கும் ஆம்பிளிஃபயர் ‘டிர்ர்ர் டிக் டிக்’ என்று உளறும். ஒருமுறை அந்த உளறலை ரிப்பேர் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கத் தேடி ஏமாந்த பிறகு, கடைக்குள் ஃபோன் கூடாது என்று அண்ணன் சட்டம் போட்டுவிட்டான். அவனுடைய ஃபோனும் சுண்டுவின் ஃபோனும் பகலெல்லாம் மாடியில், அண்ணியின் தலைமாட்டிலேயே உறங்கும்.

ஆகவே மணி. மூடிப்போன ஏதோ ஒரு தொழிற்சாலையிலிருந்து பழைய இரும்புக்கு வந்ததை அண்ணன் தூக்கிக்கொண்டு வந்தான். சாம்பல் நிறக் கிண்ணம், பக்கத்தில் ஒரு குட்டிச் சுத்தியல். அடித்தால் பல் கூசும். மேலே கட்டிலருகே பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் ஒன்று. அதனருகில் ஒரு பட்டன். அங்கிருந்து இரட்டை வயர் குளியலறைச் சுவரை ஒட்டிப் படிக்கட்டு வழியாக இறங்கி, கடையில் சுண்டுவின் மேசைக்கு மேலே இருக்கும் மணிக்கு வந்து சேரும். மேலே அழுத்தினால் கீழே வோல்ட் வரும்; விட்டால் போய்விடும். 

முதல் வாரம் மணி பிரமாதமாக அடித்தது. தலைகாணி நழுவியது, ஜன்னல் அடித்துக்கொள்கிறது என்று எதற்கெடுத்தாலும் அடித்தது. பிறகு சில நாள் அடித்தது, சில நாள் அடிக்கவில்லை. அடிக்காத நாள்களில் அண்ணி அழுத்தினேன் என்பாள். அண்ணன் சுண்டுவிடம் திரும்பி, “மீட்டர எடு” என்பான்.

அதுதான் சுண்டுவின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஒவ்வொரு முறையும் மீட்டரை எடுத்து அளந்தவள் அவள். பன்னிரண்டு என்று வாயால் சொன்னவள் அவள்.

அண்ணியை மேலே விட்டுவிட்டு அவள் இறங்கியதும் அண்ணன் இப்போதும் அதையேதான் சொன்னான். “மீட்டர எடு.”

கடையில் ஒரு சட்டம் உண்டு. அளக்கணும்னா கழட்டு. ஒரு ரெசிஸ்டரை அளக்க வேண்டுமானால் அதன் ஒரு காலையாவது போர்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் இருப்பதெல்லாம் சேர்ந்து கணக்கில் வந்து மீட்டர் உளறும். வந்த புதிதில் கழற்றாமல் அளந்து சுண்டு வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அதிலிருந்து எதை அளந்தாலும் முதலில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அண்ணனுக்கும் அதே பழக்கம்தான்.

மணியின் இரண்டு திருகாணிகளையும் தளர்த்தி வயர்களை வெளியே எடுத்தாள். மீட்டரின் சிவப்பு முனையை ஒன்றிலும் கறுப்பு முனையை மற்றதிலும் வைத்தாள். “அண்ணி, அழுத்துங்க!” என்று படிக்கட்டுப் பக்கம் கத்தினாள். கடை அமைதியாக இருந்ததால் குரல் மேலே போயிற்று.

பன்னிரண்டு. புள்ளிக்குப் பிறகு ஒரு பூஜ்யம் கூடப் பிசகாமல் பன்னிரண்டு.

“என்ன காட்டுது?” அண்ணியின் குரல் மேலேயிருந்து வந்தது.

சுண்டு மீட்டரை அண்ணன் பக்கம் திருப்பினாள். அண்ணன் சொன்னான். “பன்னெண்டு!”

மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது.

அவன் மணியைக் கழற்றி மேசையிலிருந்த பவர் சப்ளையில் நேராகக் கொடுத்தான். கடையே அதிர மணி அலறியது. அணைத்துவிட்டு விரல் மடக்கினான். “மணி நல்லாருக்கு. வயர்ல வோல்ட் வருது. பட்டன் வேலை செய்யலன்னா வோல்டே வராது, ஆக பட்டனும் நல்லாருக்கு. இன்னும் என்ன பாக்கி?”

பாக்கி இருந்தது அண்ணி ஒருத்திதான். அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. “தூக்கக் கலக்கத்துல அழுத்தற மாதிரி இருந்திருக்கும். கனவு கண்டிருப்பா” என்று முணுமுணுத்தான். “அம்மா வீட்டுக்குப் போகணும்னு ஆச இருந்தா நேரா சொல்லலாம். மணி மேல பழி போட வேணாம்.”

“அண்ணா, அண்ணி அப்படிப்பட்டவங்களா?”

“நான் சொல்லலடி. மீட்டர் சொல்லுது.”

மணியை மீண்டும் மாட்டிவிட்டு, கரகரப்பைத் தீர்த்த கையோடு ஸ்பீக்கரை வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப்பையில் செருகியபடி அண்ணன் போய்விட்டான். அதற்காகக் கல்யாண மண்டபத்துக்காரன் நேற்றிலிருந்து ஆளனுப்பிக்கொண்டிருந்தான்.

சுண்டு டீ போட்டு எடுத்துக்கொண்டு மேலே போனாள். அண்ணி ஒருக்களித்துப் படுத்தபடியே, கட்டிலோரம் வைத்திருந்த பைக்குள் துணிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். மடித்து வைக்க எட்டவில்லை. சுருட்டிச் சுருட்டித் திணித்தாள். குழந்தைக்கென்று வாங்கி வைத்திருந்த மஞ்சள் தொப்பியும் அதில் இருந்தது.

“டீ ஆறிடும் அண்ணி.”

“வெச்சிட்டுப் போ, மீட்டரம்மா.”

சுண்டுவுக்குச் சுருக்கென்றது. அண்ணி அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. போகாமல் நின்றாள்.  அண்ணி வலது கையை நீட்டினாள். “இங்க பாரு.”

கட்டை விரலின் சதையில் வட்டமாக ஒரு பள்ளம். சின்னக் காசு வைத்து அழுத்தியது போலச் சிவந்து, ஓரம் கன்றிப் போயிருந்தது. பட்டனின் அச்சு.

“அழுத்தாமலே இப்படி ஆகுமா? அந்தப் பன்னெண்டு எவ்வளவு பெரிய ஆளோ எனக்குத் தெரியாது. எனக்கு இது தெரியும்.”

சுண்டு குழம்பிப்போய்ப் படியிறங்கினாள். விரல் பொய் சொல்லாது. மீட்டரும் பொய் சொல்லாது என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தாள். இரண்டு பேரும் உண்மையே பேசுகிறார்கள் என்றால் நடுவில் திருட்டுத்தனம் செய்வது யார்? 

மின்சாரம் அவளை இப்படிக் கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவது முதல் தடவையல்ல. பத்தாவதில் அவளைக் கவிழ்த்ததே இந்தப் பாடம்தான். அதற்கப்புறம் அவள் பள்ளிக்கூடப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. டீச்சர் பலகையில் ஒரு முக்கோணம் போட்டு மேலே மின்னழுத்தம், கீழே ஒரு பக்கம் மின்னோட்டம், மறுபக்கம் மின்தடை என்று எழுதுவார். எது வேண்டுமோ அதை விரலால் மறைத்தால் மிச்சம் இருப்பது விடை. சுண்டு ஒழுங்காக மறைத்தாள். விடையும் வந்தது. ஆனால் விரலுக்கு அடியில் இருப்பது என்ன என்று கடைசிவரை விளங்கவில்லை. அண்ணனைக் கேட்டபோது அவன் தண்ணீர்த் தொட்டிக் கதை சொன்னான். தொட்டியின் உயரம் வோல்டேஜ், ஓடுகிற தண்ணீர் கரண்ட், குழாயின் அடைப்பு ரெசிஸ்டன்ஸ். “அப்ப ஓடுன தண்ணி எங்க போய்ச் சேருது?” என்று அவள் கேட்டதும், “போய் வேலையப் பாரு” என்று முடித்துவிட்டான்.

மேசைக்கு வந்து மணியை முறைத்துப் பார்த்தாள். மணி அவளை முறைத்தது.

“அண்ணி! இன்னொரு தடவ அழுத்துறீங்களா?”

“எதுக்கு? இன்னொரு தடவ பன்னெண்டுன்னு சொல்லவா?”

“எனக்காக அண்ணி. கைய எடுக்காம அழுத்திக்கிட்டே இருங்க.”

 மணியின் பக்கத்தில் ஏதோ அசைந்தது. சுண்டு மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போனாள். குட்டிச் சுத்தியல் கிண்ணத்தை நோக்கி ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. தொடவில்லை. தொட வேண்டும் என்று ஆசைப்பட்டு, எட்டாமல் அப்படியே நின்றது.

“விடுங்க அண்ணி!”

சுத்தியல் பழைய இடத்துக்குத் திரும்பியது.

“அழுத்துங்க!”

சாய்ந்தது.

 கடை அலறிக்கொண்டிருந்த மதியம் முழுக்க இந்தச் சுத்தியல் சுண்டுவின் தலைக்கு மேலே இப்படித்தான் சாய்ந்து சாய்ந்து திரும்பியிருக்க வேண்டும். அண்ணி அழுத்தியிருக்கிறாள். அத்தனை தடவையும் அழுத்தியிருக்கிறாள்.

ஆனால் பன்னிரண்டு வோல்ட் வந்தால் இது ஏன் நொண்டுகிறது? மீட்டரை எடுத்தாள். ஸ்க்ரூ டிரைவரைத் தேடினாள். அது அண்ணனின் சட்டைப்பையோடு மண்டபத்துக்குப் போயிருந்தது. மற்றவையெல்லாம் பருமன், திருகாணிக்குள் நுழையவில்லை. சட்டத்தை மீறுவதைத் தவிர வழியில்லாமல், மணி மாட்டியிருந்தபடியே, திருகாணிகளின் தலையில் முனைகளை வைத்தாள்.

இரண்டு புள்ளி மூன்று.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். இரண்டு புள்ளி மூன்றுதான். மீட்டருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று மேசையில் கிடந்த புது பேட்டரி ஒன்றை அளந்தாள். ஒழுங்காகக் காட்டியது. நகவெட்டியின் முனையால் ஒரு திருகாணியை எப்படியோ தளர்த்தி, வயரை வெளியே எடுத்து அளந்தாள். பன்னிரண்டு. திரும்பத் திருகாணியில் சொருகினாள். இரண்டு புள்ளி மூன்று. எடுத்தாள். பன்னிரண்டு. சொருகினாள். இரண்டு புள்ளி மூன்று.

“என்னடி பண்ற கீழ? எனக்கு விரல் போகுது!”

“சீப்ப வெச்சு அழுத்துங்க அண்ணி! விட்டுடாதீங்க!”

கழற்றினால் பன்னிரண்டு, மாட்டினால் இரண்டு. கேட்காதவரை எல்லாம் இருக்கிறது. கேட்டால் கையை விரிக்கிறது. மணிதான் வோல்டைத் தின்கிறதோ? மற்ற திருகாணியையும் தளர்த்தி, மணியைத் தூக்கிப்போய்ப் பவர் சப்ளையில் கொடுத்து, அலறும்போதே காதைத் தோளில் புதைத்துக்கொண்டு அளந்தாள். எண் பன்னிரண்டைச் சுற்றியே ஆடியது. இங்கே தின்னவில்லை.

“அடிச்சிடுச்சா!” மேலேயிருந்து அண்ணியின் குரல், ஓடிவருவது போல வந்தது.

“இல்ல அண்ணி! இது வேற கரண்ட்டு!”

“என்ன எழவு கரண்ட்டோ!”

மணியை மீண்டும் சுவரில் மாட்டிவிட்டு சுண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.  மேசைத் தூசியில் விரலால் முக்கோணம் போட்டாள். மின்தடை இருக்கிறது, ஆனால் மின்னோட்டம் பூஜ்யம் என்றால்? மேல் மூலையில் மின்னழுத்தமும் பூஜ்யம். அடைப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எதுவும் ஓடாதபோது அது எதையும் பிடித்துக்கொள்வதில்லை. மீட்டர் ஒரு சொட்டுக்கூடக் கேட்பதில்லை. எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடும். மணி அப்படியல்ல, அது இழுக்கும். இழுத்தால்தான் ஓடும்; ஓடினால்தான் அடைப்பு தன் பங்கைப் பிடுங்கும். அப்படியென்றால் மேலேயிருந்து கீழே வருவதற்குள் எங்கேயோ ஓர் இடத்தில் கிட்டத்தட்டப் பத்து வோல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இது சரியாகவும் இருந்தது, தப்பாகவும் பட்டது. விரலுக்கு அடியில் எதையோ தொட்டுவிட்டு அது நழுவிப்போனது போலிருந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று வயரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மேசையிலிருந்து கதவு, கதவிலிருந்து படிக்கட்டு. இரண்டு விரல்களுக்கு நடுவில் வயரை நழுவவிட்டபடி ஒவ்வொரு படியாக ஏறினாள். வயர் குளிர்ச்சியாக இருந்தது. படி திரும்புமிடத்தில், குளியலறைச் சுவர் ஓதம் பிடித்து உப்பியிருந்த இடத்தில், கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு. அதைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். மறுபடியும் தொட்டாள்.

சூடாக இருந்தது. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி போல.

“அண்ணி, இப்ப விடுங்க” என்றாள். கத்தத் தேவையில்லாத தூரம் அது.

டேப்பை உரித்தாள். உள்ளே இரட்டை வயரில் ஒன்றின் இரண்டு முனைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. செம்பு பச்சையாகப் பூத்துப்போய் விரலில் மாவாக ஒட்டியது. ஈயம் உருக்கி ஒட்டிய சால்டர் இல்லை. வெறும் முறுக்கு. வெளியாள் யாராவது இப்படிச் செய்து கொண்டுவந்தால் வாடிக்கையாளர் முன்னாலேயே கட்டரால் வெட்டி எறிந்து, “இது வயரா, பின்னலா?” என்று அண்ணன் மானத்தை வாங்குவான். முறுக்கு இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. வீட்டில் இடக்கைப் பழக்கம் ஒருத்தனுக்குத்தான்.

சுண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் வந்தபோதும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். மடியில் மீட்டர்.

“கடைய தெறந்து போட்டுட்டு இங்க என்னடி தவம்?”

“கழட்டுனா பன்னெண்டு” என்றாள். “மாட்டுனா ரெண்டு.”

“என்னது?”

“எது நெஜம்ணா?”

“கழட்டிதான் அளக்கணும், எத்தன வாட்டி…”

“நீயே அள. மாட்டி அள.”

அவள் இப்படி எதிர்த்துப் பேசி அவன் கேட்டதில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மீட்டரை வாங்கிக்கொண்டு கீழே போனான். சுண்டு மேலே திரும்பி, “அண்ணி, அழுத்துங்க” என்றாள். அவன் உடனே வரவில்லை. அவன் கழற்றுவதும் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. சுத்தியல் சாய்வதைப் பார்த்திருப்பான்.

அவன் படியேறி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. உரித்த டேப்பைப் பார்த்தான். பச்சையைப் பார்த்தான். முறுக்கு எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்பதையும் பார்த்திருக்க வேண்டும். குனிந்து, முறுக்குக்கு அந்தப் பக்கம் ஒரு முனையும் இந்தப் பக்கம் ஒரு முனையும் வைத்தான்.

ஒன்பது புள்ளி ஏழு.

“அதுவும் ரெண்டு புள்ளி மூணும் பன்னெண்டு” என்றாள் சுண்டு.

“கூட்டத் தெரியும்டி எனக்கு.”

அண்ணி பட்டனை விட்டிருக்க வேண்டும், எண் பூஜ்யமாயிற்று. அண்ணன் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“குழாய மூடி வெச்சுக்கிட்டே தண்ணி நல்லா வருதுன்னு சொல்லியிருக்கேன்” என்றான் மெதுவாக. “அன்னிக்கு சால்டரிங் அயர்ன் வயரு இங்க எட்டல. அப்புறமா சால்டர் வெச்சுக்கலாம்னு டேப்ப சுத்திட்டேன். அப்புறம் மறந்தே போச்சு.”

“கேக்குது!” என்றாள் மேலேயிருந்து அண்ணி. “எனக்குக் கேக்குது, நல்லா சத்தமாவே சொல்லுங்க!”

அண்ணன் சத்தமாகச் சொல்லவில்லை. கீழே போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துக்கொண்டு வந்தான். சால்டரிங் அயர்ன் சூடாகும் வரை இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். பச்சை பூத்த முனைகளை வெட்டி எறிந்து, புதுச் செம்பைச் சுரண்டி, முறுக்கி, சால்டர் வைத்தான். புகை எழும்பியது. ஓதம் பிடித்த சுவரில் படாதபடி வயரை நகர்த்தி ஆணியடித்தான். செய்துவிட்டு மாடிக்குப் போனான். கட்டிலருகே நின்று, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பையைப் பார்த்தான்.

“விரலக் காட்டு” என்றான்.

“வேணாம். கீழ போங்க.”

“நான் வந்து…”

“கீழ போய் அந்த உறுமற பெட்டி எதையாவது போடுங்க. முழுச் சத்தத்துல. நான் அழுத்தறேன்.”

அவன் மறு பேச்சுப் பேசாமல் இறங்கிப் போய், கிடந்ததிலேயே பெரிய ஸ்பீக்கரைப் போட்டான். மேசையிலிருந்த திருகாணிகள் தட்டோடு நடுங்கின. சுண்டு மணியின் சுத்தியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் எதையோ ரிப்பேர் செய்வது போலக் குனிந்திருந்தான். கையில் எதுவும் இல்லை.

மணி அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அடிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரமும் அடிக்கவில்லை. சுண்டு சுத்தியலுக்கு இன்னும் கிட்டே போனாள். எல்லாவற்றையும் தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டேனா? இன்னொரு அடைப்பு எங்காவது இருக்கிறதா? “அண்ணா, மறுபடியும் அளந்து…” என்று அவள் வாயைத் திறந்தாள்.

“வேணாம்” என்றான் அவன். “அவ இன்னும் அழுத்தல. அழுத்துனா அடிக்கும்.”

அதே பேச்சுதான். மதியமும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னான். ஆனால் இப்போது கேட்க வேறு மாதிரி இருந்தது. ஏன் என்று சுண்டுவுக்கு விளங்கவில்லை.

மணி அலறியது. ஸ்பீக்கரின் உறுமலைக் கிழித்துக்கொண்டு, பல் கூச, சுவரே கழன்று விழுந்துவிடும் போல அலறியது. அண்ணன் ஸ்டூலைத் தட்டிவிட்டு ஓடினான். இரண்டிரண்டு படியாகத் தாவினான். 

சுண்டு ஸ்பீக்கரை அணைத்தாள். மேலே பேச்சு கேட்டது.

“என்ன? வலிக்குதா? தண்ணி வேணுமா?”

“ஒண்ணுமில்ல. சும்மா.”

“சும்மாவா?”

“சும்மாதான். போங்க.”

அவன் இறங்கி வந்து உட்காருவதற்குள் மறுபடியும் மணி. மறுபடியும் ஓடினான். இந்தத் தடவை தலைகாணி. அதற்கடுத்த தடவை ஜன்னல். “வேணும்னே பண்றா” என்று சுண்டுவிடம் முனகினான், முனகிக்கொண்டே ஏறினான். அவன் சட்டை முதுகில் வியர்வை ஊறியிருந்தது.

இருட்டத் தொடங்கி, சுண்டு கடையின் இரும்புக் கதவை இழுத்துக்கொண்டிருந்தபோது மணி இன்னொரு தடவை அடித்தது. அண்ணன் போனான். இந்தத் தடவை வெகுநேரம் வரவில்லை. கட்டில் கிறீச்சிடுவதும், எதையோ தரையில் இழுப்பதும், அலமாரியின் மேல்தட்டில் கனமான ஒன்று தட்டென்று ஏறி உட்காருவதும் கேட்டது. பை இருந்த இடத்துக்கே போகிறது.

“அந்த மஞ்சத் தொப்பிய மட்டும் எடுத்துக் குடுத்துட்டு மேல வைக்கறதுதானே” என்று அண்ணியின் குரல் கேட்டது. “உள்ள சுருட்டிக் கெடக்கு.”

“இதச் சொல்றதுக்கு இப்பதான் நேரம் கெடச்சுதா?”

பை மறுபடியும் இறங்கும் சத்தம்.

சுண்டு விளக்கை அணைக்கப் போனவள் மேசையருகே நின்றாள். தூசியில் அந்த முக்கோணம் அப்படியே இருந்தது. யாரும் அழுத்தாதபோது அந்த ஒன்பது புள்ளி ஏழு எங்கே இருந்தது? வயரிலும் இல்லை, மணியிலும் இல்லை, முறுக்கிலும் பூஜ்யம்தான். அழுத்தினால் மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. விரலால் ஒரு மூலையை மறைத்தாள். எடுத்தாள். இன்னொன்றை மறைத்தாள். அவளுக்கு இன்னமும் பிடிபடவில்லை.

தலைக்கு மேலே மணி அடித்தது. அண்ணன்தான் மேலேயே இருக்கிறானே? யாரைக் கூப்பிடுகிறாள் என்று ஒரு கணம் திகைத்துவிட்டு, சுண்டு விளக்கைக் கூட அணைக்காமல் படிக்கட்டுக்கு ஓடினாள்.